வலையில் வராத சங்கு

யாரோ கொடுத்தனுப்பிய டிபன் பாக்ஸைத் திருப்பிக் கொடுக்க வந்தவளைப் போலத்தான் தமிழினி அந்தச் சங்கை மேஜை மேல் வைத்தாள்.

"இதத்தான் பாக்கச் சொல்லலாம்னு எடுத்தாந்தேன்."

கடலூர் மஞ்சக்குப்பத்தில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது முபீனா விசாரணை நிலையம். ஒரு மேஜை, நாலு நாற்காலி, முனகும் மின்விசிறி. முபீனா முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் க்ளெய்ம்களைக் கண்டுபிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள். அங்கிருந்து விலகித் தனியாகத் தொழில் ஆரம்பித்த பிறகு வருவதெல்லாம் மாப்பிள்ளை விசாரணைதான். மாப்பிள்ளை குடிப்பானா, துபாயில் உண்மையிலேயே வேலையில் இருக்கிறானா என்கிற ரகம். சங்கைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி வந்தது இதுதான் முதல் தடவை.

முபீனா அதை இரண்டு கைகளாலும் எடுத்தாள். கனமாக இருந்தது. வெண்மைக்கும் பழுப்புக்கும் நடுவில் ஒரு நிறம். உடம்பெல்லாம் கிளைகிளையாக முள். ஒவ்வொரு முள்ளின் நுனியும் இலை மாதிரி விரிந்து சுருண்டிருந்தது. வாய்ப்புறம் மட்டும் இளஞ்சிவப்பு.

"லாத்தா, இது சங்கா, இல்ல பண்ருட்டிப் பலாப்பழத்துக்குப் பொறந்த புள்ளையா?" என்றான் ஆசிக்.

ஆசிக் அவளுடைய சித்தி மகன்; அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவான். பரங்கிப்பேட்டைக்காரன். இந்த அலுவலகத்தின் டிரைவர், போட்டோகிராஃபர், டீ வாங்கி வருபவன் எல்லாம் அவன்தான். அவன் ஜோக்குக்கு யாராவது சிரித்துவிடுவார்கள். தமிழினி சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. அவன் பேசியதே காதில் விழாதது போல உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லும்மா," என்றாள் முபீனா.

தமிழினிக்கு முப்பது வயது இருக்கும். கடலூரை ஒட்டிய மீனவக் கிராமம். கணவன் பெயர் அறிவழகன். போன மார்கழியில், சிதம்பரம் கோயில் கொடியேற்றத்துக்கு முந்தின நாள், அவனும் தமிழினியின் அண்ணன் எழிலனும் ஃபைபர் படகில் நண்டு வலைக்குப் போனார்கள். திரும்பி வந்தது எழிலன் மட்டும்தான். அறிவழகன் தவறிக் கடலில் விழுந்துவிட்டதாகச் சொன்னான். ஊரே படகெடுத்துத் தேடியது. உடல் கிடைக்கவில்லை.

"ஆருத்ரா தரிசனமெல்லாம் முடிஞ்ச பொறவு அண்ணன் அவரு ஒயர் கூடையக் கொண்டாந்து குடுத்துச்சு. உள்ள சட்ட, சாப்பாட்டுத் தூக்கு. துண்டுல சுத்தி இந்தச் சங்கு. கடைசி வலையில வந்துச்சாம். எனக்குன்னு எடுத்து வச்சாராம். அதுக்கப்பறம்தான் வுழுந்தாராம்."

ரேஷன் கடையில் என்ன போட்டார்கள் என்று சொல்வது போல அதைச் சொன்னாள்.

"டிவி மேல வச்சிருந்தேன். வர்றவுங்க எல்லாம் அதப் பாத்து அழுவாங்க. எனக்குத்தான் ஒண்ணும் வரல."

"இப்ப எதுக்கு எங்ககிட்ட எடுத்துட்டு வந்த?"

"ராமேஸ்வரம் பக்கம், மண்டபத்துலேர்ந்து சொந்தக்காரரு ஒருத்தரு வந்தாரு. பாத்ததுமே, இது எங்க பக்கத்துச் சங்காச்சே, கடலூருக்கு எப்புடி வந்துச்சுன்னாரு. நாளன்னிக்கு அவருக்குத் தெவசம். எள்ளுத் தண்ணி எறைக்கணும்னு மாமியா சொல்லுது. எறைக்கறதுக்கு முன்னாடி எங்க அண்ணன் சொன்னது நெஜமான்னு தெரியணும்."

"பொய்யா இருந்தா?"

"பொய்யின்னு தெரிஞ்சிக்குவேன்."

முபீனா சங்கின் வாயை மூக்கருகே கொண்டுபோனாள். "கூடையப் பிரிச்சியே, என்னா வாசன வந்துச்சு?"

இப்போதுதான் தமிழினி கொஞ்சம் யோசித்தாள். "டீசல் வாசன. சட்டையில அவரு வேர்வ வாசன."

"நாத்தம்?"

"இல்லியே."

கணவனின் போட்டோ ஒன்றை ஆசிக்கின் போனுக்கு அனுப்பிவிட்டு அவள் எழுந்து போனாள். படியில் அவள் செருப்புச் சத்தம் அடங்கியதும் ஆசிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"என்னா லாத்தா இந்தப் பொண்ணு? கல்லு மாதிரி இருக்குது."

"அத வுடு. சங்குக்குள்ள என்னா இருக்கும்?"

"காத்து. காதுல வச்சா கடல் சத்தம் கேக்கும்."

"அது கடையில விக்கற சங்கு. கடல்லேர்ந்து வர்ற சங்குக்குள்ள வூட்டுக்காரன் குடியிருப்பான். உசுரோட நத்த. அதத் துண்டுல சுத்திக் கூடையில போட்டு அத்தன நாளு மூடி வச்சா என்னாவும்?"

ஆசிக் மூக்கைப் பிடித்துக்கொண்டான். "போலீஸ் தேட வேணாம். மோப்பம் புடிச்சே ஊர் கண்டுபுடிச்சிரும்."

"ஆனா இதுல வேர்வ வாசனதான் வந்துச்சாம். வண்டிய எடு."

ஆசிக்கின் பழைய மாருதிக்குக் கதவு நாலு, திறப்பது மூன்று. அதில் ஏறி அவர்கள் கடற்கரைக்குப் போனபோது எழிலன் படகு நிழலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைக் கோத்துக்கொண்டிருந்தான். வாட்டசாட்டமான ஆள். தமிழினியின் பெயரைச் சொன்னதும் ஊசி நின்றது.

"தங்கச்சி அனுப்புச்சா? அது நேரா நேரத்துக்குச் சாப்புடுதா?"

"சாப்புடுதுன்னுதான் நெனைக்கிறேன்," என்றாள் முபீனா. "தெவசம் வருது. ஒரு ரெண்டு விஷயம் கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம். அந்தச் சங்கு எந்த எடத்துல வந்துச்சு?"

"நேரா கெழக்க. சேத்துப் பக்கம். நண்டு வலையில மாட்டிக்கிட்டு வந்துச்சு."

"அழகான சங்கு. வலையிலேர்ந்து எடுக்கறப்பவே இப்புடித்தான் பளபளன்னு இருந்துச்சா?"

"ஆமாம். டார்ச் அடிச்சா மின்னுச்சு. அதுக்குத்தான் அவன் ஆசப்பட்டான்."

"நீங்க அப்பறமா கழுவி கிழுவி வச்சீங்களா?"

எழிலன் அடிபட்டது போலப் பார்த்தான். "தொடுவனா? அவன் சுத்துன துண்டு சுத்துனபடியே குடுத்தேன். எங்க அம்மா மேல சத்தியம்."

பக்கத்துப் படகின் மேல் சாய்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த ஆசிக் போனைப் பையில் போட்டான். அந்த செல்ஃபியில் ஆசிக்கின் காது மட்டும்தான் விழுந்திருந்தது. மிச்சமெல்லாம் எழிலன்.

காருக்கு நடக்கும்போது ஆசிக் சொன்னான்: "லாத்தா, சத்தியம் பண்ணவன் மூஞ்ச பாத்தியா? சத்தியம் பண்ணிட்டு நம்மளத்தான் பாவமா பாக்கறான்."

"நல்லவனாட்டம்தான் இருக்கான். அதான் எனக்குப் புடிக்கல."

சிதம்பரத்தில், வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் மாலதி இருந்தார். கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சோபாவைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் சங்கு, சிப்பி, சோழி. சோபாவில் பூனை.

அவர் வணக்கம் கூடச் சொல்லாமல் சங்கை வாங்கிக்கொண்டார்.

"தம்பி, இந்த மேடு தெரியுதா? மேலேர்ந்து கீழ வரைக்கும் வரப்பு மாதிரி ஓடுது பாருங்க. ஒரு சுத்துக்கு எத்தன வரப்பு?"

ஆசிக் சங்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "மூணு, டீச்சர்."

"மூணுன்னா இது முள்ளிச் சங்கு வகையறா. ம்யூரெக்ஸ்னு சொல்வாங்க. வளர்றப்ப ஒரு இடத்துல நின்னு வாயத் தடிப்பாக்கி முள்ளு வைக்கும். மறுபடி கொஞ்சம் வளரும், நிக்கும், முள்ளு வைக்கும். அந்த நின்ன இடம்தான் வரப்பு."

"அப்ப கடலூர்ல இது கெடைக்கும்தானே?"

மாலதி அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்து மேஜையில் வைத்தார். விரலளவு உடம்பு. சேற்று நிறம். கீழே குழாய் போல நீண்ட வால். உடம்பிலும் வாலிலும் ஊசி ஊசியாக முள்.

"கடலூர் நண்டு வலையில வர்ற முள்ளி இது. சேத்துல கிடக்கறது. வலையில மாட்டுனா எடுக்கவே முடியாது. மீன்காரங்க கோவத்துல கட்டையால அடிச்சி நொறுக்கித்தான் வலையக் காப்பாத்துவாங்க." பிறகு தமிழினியின் சங்கைத் தொட்டார். "இதுக்கு வால் குட்டை. முள்ளு ஊசியா இல்ல, இலையா விரியுது. வாய் ரோஸ் கலர். உதட்டு ஓரத்துல ஒரு பல்லு நீட்டிக்கிட்டு இருக்கு பாத்தீங்களா? அத வச்சி மட்டிச் சிப்பியோட மூடியத் தெறக்கும். இது யானைமுள்ளி. பாறையும் பவளமும் இருக்கற இடத்துல வாழறது. ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கம் ஜாஸ்தி. கடலூர்ச் சேத்துல இதுக்கு என்ன வேல?"

"ஃபைபர் போட்ல ராமேஸ்வரம் போயி, சங்கு பொறுக்கிட்டு, விடியறதுக்குள்ள கடலூர் திரும்பறதுன்னா அது போட் இல்ல, ப்ளேன்," என்றான் ஆசிக்.

"ராமேஸ்வரம் கடல்ல வலையில வந்திருந்தாலும் இப்படி இருக்காது," என்றார் மாலதி. "உயிரோட வர்ற யானைமுள்ளி மேல பாசி, சுண்ணாம்பு, புழுக்கூடு எல்லாம் ஒட்டிக்கிட்டு பாறைத்துண்டு மாதிரி இருக்கும். இத ஆசிட்ல முக்கித் தேச்சி எண்ணெய் தடவியிருக்காங்க. கடைச் சங்கு."

முபீனா நாற்காலியில் முன்னுக்கு வந்தாள்.

மாலதி சங்கை ஜன்னல் வெளிச்சத்தில் மெல்லத் திருப்பினார். கை நின்றது. முதல்முறையாகச் சிரித்தார்.

"எல்லாக் கிளையும் எந்தப் பக்கம் வளையுது?"

"பின்பக்கம்," என்றாள் முபீனா.

"இது?"

ஒரே ஒரு கிளை முன்பக்கம் வளைந்திருந்தது. மாலதி நகத்தால் சுரண்டினார். மேல்பூச்சு உரிந்து உள்ளே வெள்ளையாக எம்-சீல் பசை தெரிந்தது.

"உடைஞ்ச கிளைய ஒட்டியிருக்காங்க. மேல பூசுனது நெயில் பாலிஷ். இந்த வேலைய நான் பாத்திருக்கேன். என் சங்கு ரெண்டு உடைஞ்சப்ப ஒட்டிக் குடுத்த ஆள்தான். கிளைய எப்பவும் எதிர்ப்பக்கம்தான் வளைக்கும். எத்தன தடவ சொல்லியும் கேக்காது. கீழ சன்னதி வாசல்ல விருத்தாம்பாள்னு கேளுங்க."

வெளியே வந்ததும் ஆசிக் காரின் திறக்காத கதவைத் திறக்க முயன்றான். அவ்வளவு பரபரப்பு.

"முடிஞ்சிச்சு லாத்தா! மச்சானத் தண்ணியில தள்ளிட்டான். தங்கச்சி நம்பறதுக்கு ஒரு கதை வேணும். கதைக்கு ஒரு சாட்சி வேணும். சிதம்பரம் வந்தான், சங்கு வாங்குனான், கூடையில போட்டான். கடலூர்ல வாங்குனா ஊர்க்காரன் பாத்துருவான்ல?"

"எதுக்குத் தள்ளுனான்?"

"அத அவன்தான் சொல்லணும். நம்மகிட்ட ஆள் இருக்கான், சங்கு இருக்கு. காரணம் என்னா, இலவச இணைப்புதானே?"

அண்ணனே கொலைகாரன் என்று தமிழினியிடம் எப்படிச் சொல்வது என்று முபீனா யோசித்தாள். தமிழினி அதற்கும் 'சரி' என்று கேட்டுக்கொள்வாள் என்று தோன்றியது.

கீழ சன்னதியில் விருத்தாம்பாளின் கடை ஒரு மரப்பெட்டி அகலம்தான். சங்கு, சோழி மாலை, பாசிமணி, கைக்கண்ணாடி. அந்த அம்மாள் நகத்தில் சாயமே இல்லை. ஆனால் பெட்டி ஓரத்தில் நெயில் பாலிஷ் பாட்டில்கள் வரிசையாக நின்றன.

முபீனா சங்கை நீட்டினாள். விருத்தாம்பாள் எதிர்ப்பக்கம் வளைந்த கிளையைத் தடவிப் பார்த்தாள்.

"என் கைவேலதான். ஏம்மா, வுட்டுப்போச்சா?"

"வுடல. இத யாரு வாங்குனாங்கன்னு நெனப்பு இருக்கா? ஒரு வருசம் ஆவுது."

"நெனப்பு இல்லாம? தேரு அன்னிக்கு வந்தான். மார்கழித் தேரு. கூட்டம் தள்ளுது, இவன் நகர மாட்டேங்கறான். நல்ல நல்ல சங்கா எடுத்துக் காட்டறேன், எல்லாத்துக்கும் தலைய ஆட்டறான். 'இது வலையில வந்த மாதிரி இருக்கணும்'ங்கறான். கடையில வாங்குனா கடையில வாங்குன மாதிரிதான்டா இருக்கும்னேன்."

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் அறிவழகன் கடலில் காணாமல் போனான். தேர் அதற்கு ஒரு வாரத்துக்கு மேல் கழித்து. ஆசிக் முபீனாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

"அப்பறம்?" என்றாள் முபீனா.

"இத எடுத்தான். பாத்துக்கிட்டே இருந்தவன் படக்குனு ஒரு கிளைய ஒடிச்சிட்டான். வலையில அடிபட்ட மாதிரி இருக்கட்டும்னு ஒடிச்சிருக்கான். ஒடிச்சிட்டு அப்புடியே நிக்கறான். கண்ணுல தண்ணி. 'ஒடஞ்சத எப்புடிம்மா அவகிட்ட குடுக்கறது, ஒட்டிக் குடு'ங்கறான். கடை முன்னாடியே ஒக்காந்து, காயற வரைக்கும் இருந்து வாங்கிட்டுப் போனான். பைத்தியம்னு நெனச்சிக்கிட்டேன்."

ஆசிக் போனை எடுத்தான். செல்ஃபியைப் பெரிதாக்கித் தன் காதை வெட்டிவிட்டுக் காட்டினான். "இவருதானே?"

விருத்தாம்பாள் கண்ணைச் சுருக்கினாள். "இல்ல. இவரு யாரு?"

"நல்லாப் பாருங்கம்மா."

"நல்லாத்தான் தெரியுது. இவரு இல்ல. அவன் ஒல்லி. கன்னத்துல மச்சம்."

போனை அவளே வாங்கிக்கொண்டு இன்னும் பெரிதாக்கப் பார்த்தாள். விரல் வழுக்கி அடுத்த படம் வந்தது.

"ஐய, இந்தா இருக்கான்! இவன்தான். இத முன்னாடியே காட்டியிருக்கலாமுல்ல?"

திரையில், காலையில் தமிழினி அனுப்பிய போட்டோ. வெள்ளைச் சட்டை. இடது கன்னத்தில் மச்சம்.

அறிவழகன்.

கோயிலுக்குப் போகும் கூட்டம் அவர்களை இடித்துக்கொண்டு நகர்ந்தது. ஆசிக் போனைத் திருப்பி வாங்கிக்கொண்டான்.

"லாத்தா. மவுத்தான ஆளு… தன்னோட சாவுக்குத் தானே சாமான் வாங்கியிருக்கான்."

சூரியன் சாயும் நேரத்தில் அவர்கள் மறுபடி கடற்கரைக்கு வந்தார்கள். எழிலன் அதே இடத்தில் இருந்தான். முபீனா எதிரே மணலில் உட்கார்ந்தாள்.

"தேரு அன்னிக்குச் சிதம்பரத்துல சங்கு வாங்குனது அறிவழகன். அவன் எங்க இருக்கான்?"

எழிலன் ஊசியைக் கீழே வைத்தான். ஒரு வருடமாக யாராவது கேட்க வேண்டும் என்று காத்திருந்தவனைப் போல அவன் தோள்கள் தளர்ந்தன.

"அவன் தவறி வுழுவல மேடம். குதிச்சான். நான் பின்னாடியே குதிச்சி முடியப் புடிச்சி இழுத்துப் போட்டேன். படகுல கெடந்துகிட்டுச் சொல்றான், 'மச்சான், இன்னிக்கு இழுத்துட்ட. நாளைக்கு நீ இருக்க மாட்ட'ங்கறான்."

"எதுக்கு?"

"தங்கச்சி சொல்லலியா? அவுங்களுக்கு ஒரு பொண்ணு இருந்துச்சு. தென்றல். பள்ளிக்கூடம் சேக்கற வயசு. காய்ச்சல்ல போயிடுச்சு. அதுக்கு ஒரு வருசம் கழிச்சித்தான் இவன் குதிச்சது. அந்த ஒரு வருசமும் தங்கச்சி அழுவல, பேசல. சோறு ஆக்கும், போடும், படுத்துக்கும். இவன் அழுதா எழுந்து வெளிய போயிடும். 'அந்த வூட்டுல மூச்சு முட்டுது மச்சான். அவள வுட்டுட்டு ஓடுனா ஊரு அவளத்தான் பேசும். செத்துட்டேன்னு சொல்லு, அவளுக்கு ஒரு மரியாதையாவது இருக்கும். இல்லன்னா நெஜமாவே சாவேன்'னான். நான் என்னா பண்ணட்டும்? விடியறப்ப சாமியார்பேட்டை கரையில எறக்கி வுட்டேன்."

"சங்கு?"

"பத்து நாளு போல கழிச்சி போன் பண்ணான். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். இதக் குடுத்து, 'வலையில வந்துச்சுன்னு சொல்லு. அவகிட்ட என்னோடது கடைசியா ஒண்ணு இருக்கட்டும்'னான்." எழிலன் முழங்கையால் முகத்தைத் துடைத்தான். "நெல்லிக்குப்பத்துல கரும்பு டிராக்டர் ஓட்டுறான். போன மாசம் ரோட்டுல பாத்தேன். பாக்காத மாதிரி வந்துட்டேன். தங்கச்சிகிட்ட நானே சொல்லட்டுமா?"

"வேணாம். அது எங்ககிட்டதான் கேட்டுச்சு."

மறுநாள் காலை தமிழினி அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முபீனா எதையும் மறைக்காமல், எதையும் பெரிதாக்காமல் சொன்னாள். குதித்ததையும் சொன்னாள். ஆசிக் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

"உசுரோட இருக்காரு," என்றாள் தமிழினி.

"இருக்காரு."

"எந்த ஊர்ல?"

"நெல்லிக்குப்பம்."

"அவ்ளோ கிட்டயா."

மின்விசிறி முனகியது.

"உனக்கு ஒரு பொண்ணு இருந்துச்சுன்னு நேத்து நீ சொல்லலியேம்மா."

"நீங்க சங்கப் பத்தித்தான கேட்டீங்க."

அவள் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். வீட்டுக்குப் போகப் போகிறாள் என்று முபீனா நினைத்தாள்.

"அங்க கூட்டிட்டுப் போவீங்களா?"

நெல்லிக்குப்பத்தில் அரவை தொடங்கியிருந்தது. ஆலைக்குப் போகும் சாலையின் ஓரத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் நாலைந்து மாட்டு வண்டிகளும் வரிசையாக நின்றன. காற்றில் பாகு வாசம். ஆசிக் வழியெல்லாம் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. காரை ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினான்.

அவர்கள் தேட வேண்டியிருக்கவில்லை. தமிழினி நேராக ஒரு டிராக்டரை நோக்கி நடந்தாள். ஓட்டுகிற இடத்தில் தாடி வைத்த ஒருவன் துண்டால் கண்ணை மூடி அரைத்தூக்கத்தில் இருந்தான். அவள் மட்கார்டைக் கையால் தட்டினாள்.

துண்டை எடுத்தவன் அவளைப் பார்த்தான். இறங்க முயன்று கால் இடறி, பெரிய சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"தமிழு…"

அவள் அவனைக் கால் முதல் தலை வரை பார்த்தாள். கை நீட்டவில்லை.

"வூட்டுக்குக் கூப்புட வரல," என்றாள். "நாளைக்கு உங்களுக்குத் தெவசம். அத்த எள்ளு வாங்கி வச்சிருக்கு. வேணாம்னு போன் பண்ணிச் சொல்லுங்க."

"நான் எப்புடி… நீயே…"

"நான் சொன்னா நம்பாது. புள்ளைக்கும் அழுவல, புருசனுக்கும் அழுவல, இதுக்குப் புத்தி கலங்கிடுச்சுன்னு ஊரே சொல்லுது. நீங்கதான் சொல்லணும்."

அவள் தன் போனில் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு அவன் கையில் வைத்தாள். அவன் அதைக் காதில் வைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றான். மணி அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கிழவியின் குரல்: "என்னா தமிழு, பூசணிக்கா வாங்கிட்டியா?"

அறிவழகன் போனை அவளிடமே திருப்பி நீட்டினான்.

"பேசுங்க," என்றாள் தமிழினி.

"அம்மா."

"யாரு அது?" என்றது மறுமுனை.

"அம்மா, நாந்தாம்மா. அறிவு."

போனிலிருந்து வந்த அலறல் புளியமரத்தடி வரைக்கும் கேட்டது. முன்வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான். அறிவழகன் சக்கரத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு, "இல்லம்மா, சாவலம்மா, இங்கதாம்மா இருக்கேன்," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

தமிழினி திரும்பி நடந்தாள். சாலையோரம், உதிர்ந்த கரும்புச் சோகை மேல் போய் உட்கார்ந்தாள். முதலில் விக்கல் போல ஒன்று வந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கையை மீறிக்கொண்டு அடுத்தது வந்தது. அதற்கடுத்தது வந்தபோது அவள் பொத்தவில்லை. "தென்றலு" என்று ஒரு முறை கூப்பிட்டாள். பிறகு தலை கவிழ்ந்து, இரண்டு கைகளாலும் தரையை அறைந்து அறைந்து அழுதாள்.

ஆசிக் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடப்போனான். முபீனா அவன் கையைப் பிடித்தாள்.

"வுடு ஆசிக். ரெண்டு வருசத்து அழுக."

அறிவழகன் நிமிர்ந்தான். போனில் அம்மா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். அதை அப்படியே சக்கரத்தின் மேல் வைத்துவிட்டு, மெதுவாக வந்து தமிழினிக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். அவளைத் தொடவில்லை. அவள் எழுந்து போகவும் இல்லை.

முன்னால் வரிசை நகர்ந்தது. பின்னால் நின்ற டிராக்டர்கள் ஒவ்வொன்றாக ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. அறிவழகனின் டிராக்டர் நகரவில்லை.